முல்லைப் பெரியாறு: மக்கள் எதிர்த்தது 1886 ஒப்பந்தத்தையா, 1979 உடன்பாட்டையா?

கேள்வி: கடைமடை மாணவி

அனைவருக்கும் வணக்கம். மேலூர் வட்டத்தைச் சேர்ந்த நான் மதுரையில் முதுகலை வரலாறு படிக்கிறேன். அண்டை அரசுகள் இரண்டு தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எதிர்த்து மக்கள் பெருந்திரளாகக் கிளர்ந்தெழுந்த ஒரு நிகழ்வைப் பற்றிப் பருவக் கட்டுரை எழுத வேண்டும். எங்கள் வயலுக்கு வரும் தண்ணீரே அப்படிப்பட்ட ஒரு நிகழ்வுக்குக் காரணமாக இருப்பதால், கேரளத்தில் அமைந்து தமிழ்நாட்டிற்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையைத் தேர்ந்தெடுத்துள்ளேன்.

படிக்கத் தொடங்கியதும் ஒரு குழப்பம் வந்தது. 2011 டிசம்பரில் கேரளத்தில் நடந்த போராட்டங்களில் 1886ஆம் ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்தை நீக்க வேண்டும், புதிய அணை கட்ட வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அதே மாதத்தில் கம்பம், கூடலூர்ப் பகுதியிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் குமுளி எல்லையை நோக்கிச் சென்றது அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவதற்காக. ஆனால் எங்கள் ஊரில் வயதில் மூத்த விவசாயிகளிடம் கேட்டால், 1886 பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1979இல் இரு மாநில அதிகாரிகள் செய்துகொண்ட உடன்பாடுதான் ஒருபோகப் பகுதியைக் கெடுத்தது என்று இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார்கள்.

எனவே இரண்டு கேள்விகள். ஒன்று, இந்த இரண்டு ஆவணங்களிலும் மக்கள் எதிர்க்கும்படியாக என்னதான் இருந்தது? மற்றொன்று, மக்கள் திரண்டதால் ஏதேனும் மாறியதா, அல்லது எல்லாவற்றையும் நீதிமன்றம்தான் தீர்மானித்ததா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், கூடலூர்

மாணவிக்கு வணக்கம். முதலில் 1886ஐப் பார்ப்போம். அதைப் படிக்காமலேயே இரு பக்கத்திலும் அதைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம்.

அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டன. நீர்த்தேக்கத்திற்காக ஏறத்தாழ 8,000 ஏக்கர், கட்டுமானப் பணிகளுக்காக 100 ஏக்கர், குத்தகைக் காலம் 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். காலம் முடிந்த பின் புதுப்பித்துக்கொள்ளும் உரிமையும், தகராறு எழுந்தால் நடுவரிடம் செல்லும் வழியும் அதிலேயே எழுதப்பட்டிருந்தன. இதன் அடிப்படையில்தான் பிரிட்டிஷ் பொறியாளர் பென்னிகுயிக் அணையைக் கட்டி முடித்தார். 1895இல் அணை திறக்கப்பட்டது. மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய ஆற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப் அருகே இறங்கி வைகையில் சேரத் தொடங்கியது.

கேரள மக்களின் மனக்குறையை நாம் ஒதுக்கிவிடக் கூடாது என்று கருதுகிறேன். பிரிட்டிஷ் மேலாதிக்கத்தின் கீழ் இருந்த ஒரு சமஸ்தானம், அந்த மேலாதிக்கத்தின் நேரடி ஆட்சியில் இருந்த மாகாணத்தோடு சமமாக அமர்ந்து பேரம் பேசியிருக்க முடியாது. 999 ஆண்டு என்பதும், ஐந்து ரூபாய் வாடகை என்பதும் இன்று கேட்பவருக்கு அநீதியாகவே தோன்றும். வண்டிப்பெரியாறு, உப்புதறை, சப்பாத்து போன்ற ஊர்களில் ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு இதனோடு உயிரச்சமும் சேர்ந்துகொண்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கொண்டு கட்டிய, நூறாண்டு கடந்த அணை தலைக்கு மேலே நிற்கிறது என்ற எண்ணத்தோடு ஒவ்வொரு மழைக்காலத்தையும் கடப்பது எளிதன்று. சப்பாத்தில் ஆண்டுக்கணக்கில் தொடர் உண்ணாவிரதம் நடந்தது வெறும் அரசியல் தூண்டுதலால் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

ஆயினும் ஒரு முக்கியமான ஆண்டு இந்த விவாதத்தில் அடிக்கடி மறைந்துபோகிறது. அது 1970. அந்த ஆண்டு மே 29 அன்று, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழ்நாடு, கேரள அரசுகள் இரண்டும் துணை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கும் உரிமை கேரளத்திற்குச் சென்றது. லோயர் கேம்பில் நாம் எடுக்கும் மின்சாரத்திற்காகக் கேரளத்திற்குத் தனியே பணம் செலுத்தவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. மற்றபடி 1886 ஒப்பந்தம் தொடரும் என்பதே அதன் பொருள். ஆங்கிலேயர் திணித்தது என்ற வாதம் 1970க்குப் பிறகு வலுவிழந்துவிட்டது என்பது என் கருத்து. ஏனெனில், அதைத் திருத்தி ஏற்றுக்கொண்டது ஜனநாயக அரசு.

பதில் 2: மேலூர் ஒருபோகம்

மகளுக்கு வணக்கம். பொறியாளர் ஐயா 1886ஐயும் 1970ஐயும் தெளிவாக எழுதிவிட்டார். எங்கள் வயிற்றில் அடித்த 1979ஐப் பற்றி நான் எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டு 11 அன்று குஜராத்தின் மோர்வியில் மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதற்குப் பின் கேரளத்தில் முல்லைப் பெரியாறு பற்றிய அச்சம் பெரிதாக எழுந்தது இயல்பே. நவம்பர் 25 அன்று மத்திய நீர் ஆணையத்தின் தலைவர் முன்னிலையில் திருவனந்தபுரத்தில் இரு மாநில அதிகாரிகளும் கூடினார்கள். அணையை மூன்று கட்டங்களாகப் பலப்படுத்துவது, அதுவரை நீர்மட்டத்தைக் குறைத்து வைப்பது என்று அங்கே முடிவானது. 152 அடி வரை தேக்கிவந்த அணை 136 அடிக்கு இறங்கியது. பலப்படுத்தும் பணி முடிந்ததும் மட்டம் மீண்டும் உயர்த்தப்படும் என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்டது.

பதினாறு அடிதானே என்று தொலைவில் இருப்பவர்கள் நினைக்கக்கூடும். அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள நீர் சுரங்கத்திற்கு வராது. அதற்கு மேலே நாம் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நீர் 152 அடியில் 10 டி.எம்.சி.க்குச் சற்று மேல்; 136 அடியில் சுமார் 6 டி.எம்.சி. மேலே போகப் போக நீர்த்தேக்கம் அகன்றுகொண்டே போவதால், மேலிருக்கும் பதினாறு அடியில்தான் பெருமளவு நீர் நிற்கிறது. அந்த நீர் யாருக்கு உரியது என்று பார்த்தால் இழப்பு யாருடையது என்பது புரியும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கு முதலில் தண்ணீர் விடுவார்கள். பின்னர் வைகை அணைக்கு வந்து, பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பகுதியின் 45,041 ஏக்கர். அதற்கும் பிறகுதான் கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியில் எங்களுடைய 85,563 ஏக்கர் ஒருபோகம். பற்றாக்குறை வந்தால் அது வரிசையின் கடைசியில் நிற்பவன் தலையில்தான் விழும். செப்டம்பர் நடுவில் திறக்க வேண்டிய தண்ணீர் தள்ளிப் போவதும், திறந்தாலும் முறைப்பாசனம் வைத்துச் சில நாள் விட்டுச் சில நாள் அடைப்பதும், கடைமடைக் கண்மாய் பாதிகூட நிரம்பாமல் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடிப்பதும் எங்கள் பகுதியில் ஒரு தலைமுறையின் அனுபவம். இருபோகமாக ஆகும் என்று எங்கள் தந்தையர் நம்பிய நிலம், ஒருபோகத்திற்கே வானத்தைப் பார்த்தது. பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குச் சென்றார்கள்.

இந்த உடன்பாட்டில் நான் எதிர்ப்பது அணையைப் பலப்படுத்தியதை அன்று. அது செய்ய வேண்டிய பணிதான். அந்த அறையில் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) விவசாயி ஒருவரும் இல்லை. பணி முடிந்தபின் யார் சான்று தருவது, எந்த நாளில் மட்டத்தை உயர்த்துவது, மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு விவசாயி பிடித்துக்கொள்ளக்கூடிய உறுதி எதுவும் இல்லை. மேல்தளக் கான்கிரீட், கம்பி வடம் கொண்டு பாறையோடு பிணைத்தல், பின்புறத் தாங்குசுவர் ஆகிய மூன்றும் 1990களின் நடுப்பகுதிக்குள் முடிந்தன. அப்போதும் மட்டம் உயரவில்லை. விவசாயிகள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டதும், மறியல் செய்ததும், ஆட்சியர் அலுவலக வாசலில் அமர்ந்ததும் இதற்காகத்தான். கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள். 2011இல் செய்தியாளர்கள் வந்தார்கள், அதற்கு முன் எங்களைத் தேடி வந்தவர்கள் குறைவு.

பதில் 3: கம்பம் பள்ளத்தாக்கு

மேலூர் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் 2011ஐ வெறும் செய்தியாளர்களின் கூட்டமாகக் குறைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு இடுக்கி மாவட்டத்தில் அடுத்தடுத்து உணரப்பட்ட சிறு நில அதிர்வுகள் கேரளத்தில் அச்சத்தைக் கிளப்பின. டிசம்பர் 8 அன்று அங்கே இடதுசாரி முன்னணி மிக நீண்ட மனிதச் சுவரை அமைத்தது. அடுத்த நாள் கேரளச் சட்டமன்றம் சிறப்பாகக் கூடி, நீர்மட்டத்தை 120 அடியாகக் குறைக்க வேண்டும், புதிய அணை கட்ட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 120 அடி என்றால் சுரங்க வாயிலுக்கு மேலே பதினாறு அடி நீர்தான். அந்தச் செய்தி கம்பத்திற்கு வந்தபோது கடைவீதியில் எழுந்த கொதிப்பை யாரும் கட்டளையிட்டு உருவாக்கவில்லை. கட்சிக் கொடிகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஊர் ஊராக மக்கள் லோயர் கேம்பை நோக்கி நடந்தார்கள். பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்தார்கள். தடையுத்தரவு இருந்தும் கூட்டம் குறையவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மாணவி எழுத வேண்டும். எங்கள் ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்று மாலையில் திரும்புபவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த டிசம்பரில் இடுக்கித் தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் தாக்குதலுக்கு அஞ்சி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காட்டுவழியாகத் தேனி மாவட்டத்திற்குத் தப்பி வந்தார்கள். நம் பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. ஏலக்காய், காய்கறி, பால் என்று இரு பக்கமும் ஒன்றையொன்று சார்ந்திருந்த வணிகம் நின்றது. வேலையிழந்த தோட்டத் தொழிலாளிக்கோ அடித்து நொறுக்கப்பட்ட தேநீர்க்கடைக்காரருக்கோ 1886 பத்திரத்தில் ஒரு வரியும் தெரிந்திருக்காது. போராட்டத்தின் நியாயத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அந்த அடிகளை ஏற்கவில்லை, இன்றும் அவை எனக்கு வேதனை தருகின்றன.

பதில் 4: உயர் நீதிமன்றக் கிளை வழக்கறிஞர்

மாணவியின் இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

நீதிமன்றத்தின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் மட்டத்தை 142 அடிக்கு உயர்த்த அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் தன் பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, முல்லைப் பெரியாற்றுக்கு 136 அடி என்று சட்டத்திலேயே வரையறுத்தது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு அரசியல் சட்டத்தின் 131ஆம் பிரிவின்படி நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அமைக்கப்பட்ட உயர்மட்டக் குழு, அணை வெள்ளம், கட்டமைப்பு, நில அதிர்வு ஆகிய மூன்று வகையிலும் பாதுகாப்பாக உள்ளது என்று 2012இல் அறிக்கை அளித்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு கேரளத்தின் 2006 திருத்தச் சட்டத்தை இந்த அணையைப் பொறுத்தவரை செல்லாது என்றது. நீதிமன்றம் உண்மைகளை ஆராய்ந்து அளித்த தீர்ப்பை ஒரு மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றிக் கலைத்துவிட முடியாது என்பதே அத்தீர்ப்பின் மையம். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று, 35 ஆண்டுகளுக்குப் பிறகு நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

1886 ஒப்பந்தம் பற்றிய கேரளத்தின் வாதமும் இதே வழக்கில் விரிவாகக் கேட்கப்பட்டது. இந்தியா விடுதலை பெற்றதும் சமஸ்தானங்களோடு செய்த உடன்படிக்கைகள் முடிவுக்கு வந்தன, எனவே இதுவும் முடிந்தது என்றார்கள். சமஸ்தான கால உடன்படிக்கை பற்றிய தகராறுகளை நீதிமன்றம் விசாரிக்க 363ஆம் பிரிவு தடை என்றும் வாதிட்டார்கள். இது அரசியல் உடன்படிக்கை அன்று, சாதாரணக் குத்தகைப் பத்திரம்; 1970 துணை ஒப்பந்தங்கள் அதை மீண்டும் உறுதிசெய்கின்றன என்று கூறி, நீதிமன்றம் இரண்டையும் நிராகரித்தது. பொறியாளர் ஐயா 1970க்கு அளித்த முக்கியத்துவம் சட்டப்படியும் சரியே.

ஆனால் எல்லாம் நீதிமன்றத்தால்தான் என்று எழுதினால் அது முழுமையாகாது. 1990களின் கடைசியில் இரு மாநில உயர் நீதிமன்றங்களிலும் தொடரப்பட்ட மனுக்களே பின்னர் உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றன. 1979 உடன்பாட்டை அதிகாரிகளின் கோப்புக்குள் உறங்க விடாமல் வைத்திருந்தவர்கள் பாசன விவசாயிகள். மேலூர்க்காரர் சொன்ன அந்தக் கூட்டங்கள் இல்லாவிட்டால், வழக்கு அந்த அளவுக்கு உயிரோடு இருந்திருக்காது. 2011 கொந்தளிப்பின் நடுவே, மட்டத்தை 120 அடியாகக் குறைக்கும் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த முடிவு சட்ட அடிப்படையில் எடுக்கப்பட்டது. தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்து எடுக்கப்பட்டதாக நான் கருதவில்லை. கூட்டத்தின் விளைவு அரசுகளிடம் தெரிந்தது. டிசம்பர் 15 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பின் எந்த ஆட்சி வந்தாலும் மட்டத்தை விட்டுக்கொடுத்துத் தனியறையில் கையெழுத்திட முடியாது என்ற நிலை உருவானது. 1979இல் அத்தகைய காவல் இருக்கவில்லை.

கேள்வியாளர்: கடைமடை மாணவி

ஐயா அனைவருக்கும் மிக்க நன்றி. எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கோபம் இப்போது எனக்கு விளங்குகிறது.

ஓர் ஐயம் மட்டும் மீதமுள்ளது. 'தமிழ்நாட்டிற்குத் தண்ணீர், கேரளத்திற்குப் பாதுகாப்பு' என்று கேரளத்தில் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் தருவதாக அவர்களே சொல்லும்போது, புதிய அணையை நம் விவசாயிகள் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பது ஏன்? இதற்கு விடை தெரியாமல் கட்டுரையை முடித்தால், நம் பக்கத்தின் போராட்டத்தைப் பிடிவாதம் என்றே படிப்பவர் நினைப்பார்.

பதில் 5: ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், கூடலூர்

சரியான கேள்வி கேட்டீர்கள். அந்த முழக்கம் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நமக்கு இப்போது இருக்கும் உரிமை, இந்த நிலத்தையும் இந்த நீர்த்தேக்கத்தையும் குத்தகைக்குத் தந்த பத்திரத்திலிருந்து வருகிறது. அணையை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. கீழே புதிய அணையைக் கேரளம் கட்டிப் பழையதை இடித்துவிட்டால், அணை அவர்களுடையது, மதகு அவர்களுடையது, நமக்கு மிஞ்சுவது எத்தனை டி.எம்.சி. தருவோம் என்ற ஒரு வாக்குறுதி. அதற்கு மீண்டும் ஒரு புதிய ஒப்பந்தம் வேண்டும். தற்காலிகம் என்று சொல்லி இறக்கிய மட்டம் 35 ஆண்டுகள் இறங்கியே இருந்ததைக் கண்ட விவசாயி அந்தப் புதிய தாளை நம்ப மறுப்பதை நான் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். பழைய அணை பாதுகாப்பானது என்று நிபுணர் குழு கூறியிருக்கும் நிலையில், புதிய அணையைத் தமிழ்நாட்டின் மீது திணிக்க முடியாது, இருவரும் ஒப்பினால்தான் உண்டு என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடும். அந்த இடம் பெரியாறு புலிகள் காப்பகத்திற்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

136 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குப் பயன்படும். அணையின் உபரிநீர்ப் போக்கியின் தளம் 136 அடியில்தான் அமைந்துள்ளது. அடைப்புப் பலகைகளை உயர்த்தி வைத்துவிட்டால், அதற்கு மேல் வரும் நீர் தானாகவே கேரளத்தின் பக்கம் இறங்கி இடுக்கி நீர்த்தேக்கத்திற்குச் சென்றுவிடும். தொடக்கத்தில் 10 மதகுகள் இருந்தன. பலப்படுத்தும் பணியின்போது மேலும் 3 சேர்க்கப்பட்டன. ஆகவே 136இல் நிறுத்திய ஒவ்வொரு நல்ல மழை ஆண்டிலும், மேலூருக்கு வந்திருக்க வேண்டிய நீர் நம் கண்முன்னே மேற்கே வழிந்து சென்றது. மதகடியில் பணியில் இருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அதைப் பார்ப்பது கடினமாக இருந்தது.

அதே நேரத்தில், அணைக்குக் கீழே வல்லக்கடவில் வாழும் குடும்பத்திற்கு நள்ளிரவில் மதகு திறக்கப்படுவது முன்கூட்டியே தெரிய வேண்டும். மட்டம், வரத்து, கசிவு நீரின் அளவு ஆகியவை மலையாளத்திலும் நாள்தோறும் அவர்களிடம் சேர வேண்டும். 2014 தீர்ப்பின்படி அமைந்த கண்காணிப்புக் குழுவில் இரு மாநிலங்களின் பிரதிநிதிகளும் மத்திய நீர் ஆணையத்தின் பிரதிநிதியும் இடம்பெற்றார்கள். ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் சார்பிலும், கடைமடை ஆயக்கட்டுச் சார்பிலும் ஒருவரேனும் அதில் அமர வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை. கட்டுரையில் இடமிருந்தால் அதையும் எழுதுங்கள்.

பதில் 6: மேலூர் ஒருபோகம்

ஐயா சொன்ன கடைசிக் கோரிக்கையை முழுமையாக ஆதரிக்கிறேன். முதன்மை அணையை ஒட்டியுள்ள சிற்றணையைப் (பேபி அணை) பலப்படுத்தி மட்டத்தை 152க்குக் கொண்டுசெல்லும் பணி இன்னும் பாக்கியிருக்கிறது என்பதையும் மகள் குறித்துக்கொள்ள வேண்டும். கள்ளந்திரியிலிருந்து கடைமடை வரை கால்வாய் ஓரமாகவே வந்து கண்மாய்களைப் பார்க்க விரும்பினால், செப்டம்பர் கடைசியில் வாருங்கள். 1979க்கு முன் பயிர் செய்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் நேரில் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.